தள்ளி நின்ற குவார்ட்டர்பேக்

டென்னி கோவாச்சுக்கு ஆண்டவன் அகலமான தோளைக் கொடுத்தான், எருமைக் கழுத்தைக் கொடுத்தான், கூடவே வற்றாத ஊற்றுப்போல வியர்வையையும் கொடுத்தான்.

ஈரி நகரத்து அயர்ன்மென் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் அவன் சென்டர். ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் குனிந்து நின்று, தன் இரண்டு கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் தருகிறவன் அவன்தான். அவன் பின்னால் ஒட்டி நின்று, அடியில் கையை நீட்டி அதை வாங்கி வீசுகிறவன் குவார்ட்டர்பேக். வாங்குகிற கை நனையக்கூடாது. நனைந்த கை வீசும் பந்து யார் கைக்குப் போகும் என்பது வீசியவனுக்கே தெரியாது. அதனால் பதினொரு பருவங்களாக, வெளியே பனி கொட்டினாலும் சரி, இடைவேளை மணி அடித்ததும் டென்னி உடைமாற்றும் அறைக்கு ஓடிப்போய்க் கால்சட்டையை மாற்றிக்கொள்வான். காய்ந்த கால்சட்டையோடு ஓர் ஆள் அங்கே காத்திருப்பான். இதில் யாருக்கும் வெட்கமில்லை. "ஏரி வத்தினாலும் கோவாச் வத்தமாட்டான்" என்பது அணியில் பழமொழியாகவே ஆகிவிட்டது.

அந்தப் பதினொரு பருவமும் பந்தை வாங்கிய கைகள் ரோவன் ஹாலியுடையவை. குனிந்திருக்கும் டென்னியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, எதிரணியை ஒரு நோட்டம் விட்டு, "அடடா, நீச்சல் உடுப்பு கொண்டு வரலியே" என்று முணுமுணுப்பான் ரோவன். எத்தனை பெரிய ஆட்டமானாலும் முதல் பந்துக்கு முன் அந்த முணுமுணுப்பு வரும். அதைக் கேட்டால்தான் டென்னிக்கு ஆட்டம் தொடங்கியதாகவே படும்.

இந்தப் பருவத்தில் அந்தக் கேலி நின்றுபோனது.

முதல் ஆட்டத்தில் டென்னி காத்திருந்தான். வரவில்லை. மறந்திருப்பான் என்று எண்ணிக்கொண்டான். இரண்டாவது ஆட்டத்திலும் வரவில்லை. கேலி நின்றுபோன நட்பில் ஏதோ ஒன்று அழுக ஆரம்பித்துவிட்டது என்று டென்னியின் தாய் சொல்வாள். அவள் பன்னிரண்டு வருடம் பேசாமலிருந்த தங்கையைப் பற்றிச் சொன்னது அது. ஆனாலும் டென்னிக்கு அது இப்போது தன்னைப் பற்றிச் சொன்னதாகவே பட்டது.

பிறகு ரோவன் தள்ளி நிற்க ஆரம்பித்தான். ஒட்டி நின்று கையில் வாங்குவதற்குப் பதிலாக, நாலைந்து எட்டு தூரம் பின்னால் நின்றுகொண்டு பந்தைத் தூக்கிப் போடச் சொன்னான். எல்லா அணியிலும் அப்படி ஆடுவதுண்டு. ஆனால் ரோவன் பழைய காலத்து ஆள். ஒட்டி நின்று வாங்கி, பின்னோக்கி நடனம் மாதிரி ஏழு காலடி வைத்து, அந்த வேகத்திலேயே முன்காலை ஊன்றி வீசுவதில் பேர் வாங்கியவன். அவன் ஏன் தள்ளி நிற்க வேண்டும்?

"நம்ம ஈரம் அவனுக்கு அருவருத்துப் போச்சு" என்று டென்னி தனக்குள் சொல்லிக்கொண்டான். சொன்ன அந்த நிமிடமே அது உண்மையாகிவிட்டது. சந்தேகம் வீட்டுக்குள் வந்த பாம்பு மாதிரி. வந்ததைப் பார்த்துவிட்டால் அப்புறம் மடித்து வைத்த போர்வைகூட நெளியும்.

பயப்படக் காரணமும் இருந்தது. டென்னிக்கு முப்பத்தாறு வயது. இரண்டு முழங்காலும் குளிர்காலப் படிக்கட்டு மாதிரிக் கிறீச்சிடும். அந்த வருடம்தான் டாரியன் ஓடம் என்ற இளம் சென்டரை அணி சேர்த்திருந்தது. இருபத்து மூன்று வயது; மூச்சு வாங்காமல் ஓடுவான்; எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுக்கு வியர்க்கவே வியர்க்காது. அயர்ன்மென் அணியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் சென்டர் என்று கோச் முடிவு செய்யுமுன் குவார்ட்டர்பேக்கைக் கேட்பார். ரோவன் ஒரு வார்த்தை சொன்னால் டென்னி கோவாச் அடுத்த வருடம் மாமனாரின் கூரை ஓடு மாற்றும் தொழிலில் ஏணி பிடிக்க வேண்டியதுதான். ரோவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டானா, சொல்லப்போகிறானா? டென்னியின் உலகம் இந்தக் கேள்வியின் மேல் நின்றது.

அதற்குப்பின் பார்த்ததெல்லாம் அத்தாட்சி ஆனது.

ஆட்டத்தின் நடுவே அணி வட்டமாகக் கூடும்போது, அடுத்த பந்துக்கு யார் எங்கே ஓடவேண்டும் என்ற வரியை ரோவன்தான் சொல்லுவான். ரயில் பெட்டி மாதிரி நீளமான வரி. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஓட்டுவான். இப்போது பாதியில் நிறுத்தி, ஒரு கணம் தலைகுனிந்து, பிறகு மீதியைச் சொன்னான். தன் முகத்தைப் பார்த்ததும் அவன் நாக்கு தடைப்படுகிறது என்று டென்னி கணக்குப் போட்டான். வட்டத்தில் டென்னி எப்போதும் ரோவனுக்கு நேர் எதிரே நிற்பவன். ஆகவே கணக்கு சரியாகவே வந்தது.

அப்புறம், நாலு பகுதியாக ஆடும் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி. பந்து பறப்பதைச் சென்டர் ஒருபோதும் பார்ப்பதில்லை. எதிரே இருக்கும் மலை மாதிரி ஆளை நெஞ்சால் தள்ளிக்கொண்டிருப்பான். கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் அவனுக்குப் பந்தின் கதை தெரியும். நல்ல வீச்சென்றால் சத்தம் எழும்பி, எழும்பி, வெடிக்கும். இந்தப் பருவத்தில் ஆட்டம் முடியும் தறுவாயில் சத்தம் எழும்பியது, பாதியில் அறுந்தது. பந்துகள் பிடிக்க வேண்டிய ஆளை எட்டும் முன்பே தரையில் விழுந்துகொண்டிருந்தன.

திங்கட்கிழமைகளில் இருட்டறையில் உட்கார்ந்து ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். உடற்பயிற்சி கோச் ப்ரூயட், கட்டைக்குரல் மனிதர், ஒரு திங்களன்று படத்தை நிறுத்தச் சொல்லி ரோவனின் முன்காலைக் காட்டினார்.

"பந்தை வீசறது கைன்னு டிவி பாக்கறவன் நினைப்பான். கால்தான் வீசுது. கால் தரையைத் தள்ளணும், அது இடுப்புக்கு ஏறணும், இடுப்பு தோளைச் சுத்தணும். முதல் பாதியில உன் எட்டு நீளமா விழுது. கடைசியில பாரு, குழந்தை எட்டு. வெறும் கையால எறியற. ரோவன், கோடையில ஓடினியா இல்லையா?"

ஓடினேன் என்றான் ரோவன். தலையை நிமிர்த்தவில்லை.

அறையில் இருந்த எல்லாரும் ரோவனின் காலைப் பார்த்தார்கள். டென்னி மட்டும் பார்க்கவில்லை. அவன் படத்தில் தன் கால்சட்டையின் பின்புறத்தையும், அதற்கும் ரோவனுக்கும் நடுவே இருந்த இடைவெளியையும் பார்த்துக்கொண்டிருந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டென்னியின் பேய்க்குத் துல்லியமாக நாலைந்து எட்டு நீளம்.

வியாழக்கிழமை சாயங்காலம் முன்வரிசைப் பயில்வான்களுக்குக் குவார்ட்டர்பேக் விருந்து வைப்பது அணியின் வழக்கம். உன்னை அடிபடாமல் காப்பாற்றுகிறவர்களின் வயிற்றை நீ காப்பாற்று என்பது அதன் தாத்பரியம். ஸ்டேட் தெருவின் கோடியிலிருந்த பழைய உணவுக்கடையில் நீள மேஜை போட்டிருப்பார்கள். மாட்டிறைச்சி ரொட்டியும் பெப்பரோனி என்ற காரத் தொத்திறைச்சி வைத்துப் பொரித்த உருண்டைகளும் குவிந்து கிடக்கும். ரோவனின் இடப்பக்கத்து நாற்காலி சென்டருக்கு. பதினொரு வருடமாக அது டென்னியின் நாற்காலி.

நவம்பரில் ஒரு வியாழன் அவன் போனபோது அந்த நாற்காலியின் மேல் ரோவனின் கனத்த கோட்டு கிடந்தது.

"ஆள் வருது, டென்னி" என்றான் ரோவன், முகத்தைப் பார்க்காமல்.

டென்னி மேஜையின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தான். ஆள் யாரும் வரவில்லை. விருந்து முடியும் வரை அந்தக் கோட்டு அசையவேயில்லை. ரோவனின் வலப்பக்கம் டாரியன் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தான். டென்னி தனக்குப் பிடித்த பெப்பரோனி உருண்டைகளைத் தொடாமல் தட்டைத் தள்ளிவைத்தான். அடுத்த வியாழனும் அதே கோட்டு. அதற்கடுத்த வியாழனும்.

அவன் மனைவி லோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் நாற்பது பிள்ளைகள் அடித்துக்கொண்டாலும் கண்ணாடியில் பார்த்தே யார் ஆரம்பித்தது என்று சொல்லிவிடுவாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினான். தள்ளி நிற்பது, வரியைப் பாதியில் நிறுத்துவது, கோட்டு எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டாள்.

"போய் நேராக் கேட்டுடு" என்றாள்.

"கேட்டாப் பொய் சொல்லுவான்."

"நீ கேக்காமலேயே ஒரு பொய்யை நம்பிக்கிட்டுதானே உக்காந்திருக்க. அதுக்கு அவன் சொல்ற பொய்யாவது புதுசா இருக்கும்ல?"

டென்னி கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாகப் பின்தொடர்ந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, வீரர்களுக்கு ஓய்வு நாள், காலையில் ரொட்டி வாங்கப் போனவன் சாலையில் ரோவனின் பிக்கப் வண்டியைப் பார்த்தான். அதன் பின்னாலேயே தன் வண்டியைத் திருப்பினான். அது ஏரிக்கரையோரம் முதியவர்கள் வருகிற ஒரு நீச்சல் மன்றத்தில் போய் நின்றது. அங்கே ஏற்கெனவே டாரியனின் வண்டி நின்றது.

நீச்சல் குளத்தின் கண்ணாடிக் கதவு ஆவியில் மங்கியிருந்தது. உள்ளங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தான். மார்பளவு தண்ணீரில் ரோவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். கயிற்றின் மறுநுனியைப் பிடித்து டாரியன் பின்னால் இழுத்தான். ரோவன் திணறினான், நின்றான், டாரியன் ஏதோ சொன்னான், இருவரும் சிரித்தார்கள். டென்னி அந்தச் சிரிப்பைப் பார்த்தான். தண்ணீரைவிட்டு ஏறும்போது ரோவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இடது காலைப் படியில் வைக்காமல் தூக்கியதையும் அவன் கண் பார்த்தது. மனம் பார்க்கவில்லை. டாரியனின் தோள்மேல் தண்ணீர்கூட ஒட்டாமல் வழிந்தோடியதைத்தான் மனம் பார்த்தது.

புதிதாக ஜோடி சேர்ந்த குவார்ட்டர்பேக்கும் சென்டரும்தான் இப்படிச் சேர்ந்து பழகுவார்கள். ஒருவன் மூச்சு மற்றவனுக்குப் பிடிபட வேண்டும் என்பதற்காக. பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே ரோவனும் இதே டென்னியும் வெயிலில் அப்படித்தான் பழகினார்கள். டென்னி வண்டியில் வந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியதில் வண்டியே ஆடியது.

அன்று அவன் ஒரு முடிவு எடுத்தான். ஈரம்தானே குற்றம்? இனி ஈரம் இருக்காது.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தான். ஞாயிறு ஆட்டமென்றால் வெள்ளியிலிருந்தே வாயை நனைப்பதோடு சரி. வேர்வை நிற்க மருந்துக்கடையில் வாங்கிய பொடியை ரொட்டிக்கு மாவு தூவுகிற மாதிரி உடம்பெல்லாம் தூவிக்கொண்டான். ப்ரூயட் ஆளுக்கொரு பாட்டில் உப்புநீர் கொடுத்துக் குடித்து முடிக்கும்வரை முறைத்துக்கொண்டு நிற்பவர். டென்னி ஒரு வாய் குடித்துவிட்டு, அவர் திரும்பியதும் மீதியைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தான். பயிற்சி முடிந்து பார்த்தால் கால்சட்டை உண்மையாகவே முன்னைவிடக் காய்ந்திருந்தது. தலை லேசாகச் சுற்றியது. சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போனது. அவனுக்கு வெற்றியின் ருசி தெரிந்தது.

டிசம்பர் பாதியில் டொலிடோ அணி ஈரிக்கு வந்தது. இரு அணிக்கும் இன்னும் இரண்டு ஆட்டங்களே பாக்கி. ஒன்றிலாவது வென்றால்தான் அயர்ன்மென் அடுத்த சுற்றுக்குப் போக முடியும். ஏரியிலிருந்து அடித்த காற்றில் பனி குறுக்கே பறந்தது.

முதல் பாதி நன்றாகவே போனது. இடைவேளையில் காய்ந்த கால்சட்டையோடு காத்திருந்த ஆளிடம் டென்னி கையை ஆட்டி, வேண்டாம் என்றான். அந்த ஆள் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தான். உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா என்று விசாரித்தான். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரோவன் நிமிர்ந்து, டென்னியின் உதடு வெடித்துப் போயிருந்ததை ஒரு நொடி உற்றுப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கோச் கூப்பிட்டுவிட்டார். பார்த்தாயா, காய்ந்திருக்கிறேன் பார் என்று டென்னி மனதுக்குள் மார்தட்டிக்கொண்டான்.

மூன்றாம் கால்பகுதியின் முடிவில் ஒரு பந்து. வட்டத்தில் ரோவன் வரியைச் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, மூச்சு வாங்கி, முடித்தான். டென்னி குனிந்து பந்தைப் பின்னால் போட்டுவிட்டு நிமிர்ந்து, எதிரே வந்த டொலிடோக்காரனை நெஞ்சில் ஏந்தினான். அந்த நொடியில் அவனுடைய இரண்டு கெண்டைக்காலையும் யாரோ உள்ளிருந்து கயிறு போட்டு முறுக்கினார்கள். தொடையும் சேர்ந்து சுருண்டது. வெட்டிய மரம் மாதிரிப் பக்கவாட்டில் சாய்ந்தான். டொலிடோக்காரன் அவனைத் தாண்டிப் போனான்.

தரையில் கிடந்தபடி டென்னி பதினொரு வருடத்தில் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான். பழைய ரோவனாக இருந்தால் இடப்பக்கம் ஓரெட்டு நகர்ந்திருப்பான், அந்த ராட்சசன் காற்றைக் கட்டிப்பிடித்திருப்பான். ரோவன் நகரத்தான் முயன்றான். இடது கால் வரவில்லை. நட்ட கம்பம் மாதிரி அங்கேயே நின்று அடிவாங்கினான்.

சிகிச்சை அறையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. டென்னியின் கையில் உப்புநீர் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் ரோவனின் விலாவைப் பார்த்தார், ஒன்றுமில்லை. அப்புறம் இடது குதிகாலுக்கு மேலிருந்த தசைநாரை இரண்டு விரலால் அழுத்தினார். ரோவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"இது இன்னிக்கு வந்ததில்லையே. எப்பலேர்ந்து?"

ரோவன் கூரையைப் பார்த்தான். "ஏப்ரல்."

ஓட முடியவில்லை என்றான். கோடை முழுக்க ஓடவே இல்லை. ஓடாததால் மூச்சு போனது, தொடை போனது. பின்னோக்கி எட்டு வைத்தால் உயிர் போகும், அதனால்தான் தள்ளி நின்றான். சொன்னால் வாராவாரம் வெளியிடும் காயப்பட்டியலில் பெயர் ஏறும். முப்பத்தேழு வயதுக் குவார்ட்டர்பேக்கின் பெயர் அந்தப் பட்டியலில் ஒரு தடவை ஏறினால், மாற்றுக் குவார்ட்டர்பேக்காக உட்கார்ந்திருக்கும் இளைய ஆள் கெஸ்லர் மைதானத்துக்கு வருவான். வந்தவன் போகமாட்டான். டாக்டர் பனிக்கட்டி எடுக்க வெளியே போனார்.

டென்னி ரோவன் பக்கம் புரண்டு படுத்தான்.

"என் ஈரம் பிடிக்காமத்தான் நீ தள்ளி நின்னதா நெனச்சேன்" என்றான். "டாரியனை ஏத்திவிடப் பாக்கறதா."

ரோவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். டென்னியின் வெடித்த உதட்டையும், கையில் ஏறும் ஊசியையும், கழுத்து மடிப்பில் வெள்ளையாய்ப் படிந்திருந்த பொடியையும் பார்த்தான்.

"அதுக்காகவா காஞ்ச? அட மடையா. பதினோரு வருஷமா என் கை அந்த ஈரத்துலதான் பந்தைப் பிடிக்கக் கத்துக்கிட்டுது. காஞ்ச பந்து இன்னிக்கு ரெண்டு தடவை கையிலேர்ந்து நழுவுச்சு, தெரியுமா?"

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ திரும்பிப் பாப்ப. ஒவ்வொரு பந்துக்கும். நான் நிக்கறனா விழுந்தனான்னு. எதிர்ல நிக்கறவன் உன் மூஞ்சியைப் பார்த்தே எங்கால் செத்துப்போச்சுன்னு கண்டுபிடிச்சிருப்பான். உனக்குப் பொய் சொல்லத் தெரியாது, டென்னி."

"டாரியனுக்குத் தெரியும்."

"அவன் பாட்டியைக் கூட்டிக்கிட்டு அந்தக் குளத்துக்கு வந்தான். நான் படியில ஏற முடியாம நின்னதைப் பாத்துட்டான். நானாச் சொல்லலை."

"ஆனா அவனுக்குத் தெரியும்" என்றான் டென்னி மறுபடியும். "எனக்குத் தெரியாது."

ரோவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கண்ணோரம் மின்னியது. தலைக்கு மேலே மைதானத்தின் சத்தம் கேட்டது. ஆட்டத்தின் கடைசி வீச்சு. கெஸ்லர் வீசுகிறான், பந்தைத் தருகிறவன் டாரியன். சத்தம் எழும்பியது. இன்னும் எழும்பியது. டென்னி மூச்சைப் பிடித்துக்கொண்டான். வெடிக்குமா? பாதியில் அறுந்தது. தோற்றுவிட்டோம் என்றான் டென்னி. ரோவன் கண்களை மூடிக்கொண்டான்.

திங்கட்கிழமை ரோவனின் பெயர் பட்டியலில் ஏறியது. கடைசி ஆட்டத்துக்குக் கெஸ்லர்தான். சென்டர் யார் என்று கோச் சொல்லவில்லை. மூன்று நாள் டென்னி வீட்டில் பாத்திரங்களை உருட்டினான். ரோவனும் இல்லாத மைதானத்தில் தன்னை யார் வைத்துக்கொள்வார்கள்? தண்ணீர்ப் பானையைப் பார்த்தாலே வெட்கமாக இருந்தது. லோரீன் கோப்பையை நிரப்பி நிரப்பிக் கையில் திணித்தாள்.

வியாழன் விருந்துக்குப் போகமாட்டேன் என்றவனைப் பேருந்துப் பிள்ளையை விரட்டுகிற குரலில் விரட்டினாள்.

கடை வாசலில் டாரியன் எதிர்ப்பட்டான். டென்னி விலகிப் போகப் பார்த்தான்.

"பெருசு, என்மேல கோவமா?" என்று வழியை மறித்தான் அவன். "ஞாயித்துக்கிழமை நீங்கதான் ஆடறீங்க. ரோவன் ஊன்றுகோலோட மாடியேறிப் போய்க் கோச்கிட்டச் சொல்லிட்டு வந்தாரு. கெஸ்லருக்கு அனுபவமில்லை, அவனுக்கு முன்னால கோவாச்தான் நிக்கணும்னு. எனக்கு வருத்தம்தான். ஆனா அடுத்த வருஷம் விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

டென்னி அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். இதில் சூது ஏதாவது உண்டா? இளைஞனின் முகத்தில் பசி மட்டும்தான் தெரிந்தது. இருந்தாலும் இன்னொரு முறை பார்த்துவைத்தான்.

உள்ளே நீள மேஜையின் நடுவில் ரோவன். இடப்பக்க நாற்காலியில் அதே கனத்த கோட்டு. டென்னியின் கால் தயங்கியது. மறுகோடியில் இடம் இருந்தது. ரோவன் கண்ணால் கோட்டைக் காட்டினான். டென்னி வந்து அதைத் தூக்கினான்.

கோட்டுக்கடியில் ரோவனின் இடது கால் நீட்டிக் கிடந்தது. குதிகாலைச் சுற்றி உருகிய பனிக்கட்டிப் பை. நவம்பர் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள் அதுதான்.

"இதுக்கா ஆள் வருதுன்ன?"

"வேற என்ன சொல்றது? எங்கால் உக்காந்திருக்கு, நீ எந்திரிச்சுப் போன்னா?"

டென்னி குனிந்து அந்தக் காலை இரண்டு கையாலும் பந்தைத் தூக்குகிற மாதிரித் தூக்கினான். நாற்காலியில் உட்கார்ந்தான். காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பனிக்கட்டிப் பையைச் சரிசெய்தான். பரிமாறுகிற பெண் கொண்டுவந்த தண்ணீர்க் குவளையை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டான். கடைக்குள் அடுப்பின் வெக்கை. இரண்டாவது குவளை உள்ளே இறங்கியதும் அவன் நெற்றியில் முத்துமுத்தாக ஊற்றெடுத்தது. தொடை நனைந்தது.

ரோவன் நனைந்த தொடையைப் பார்த்தான். அப்புறம் டென்னியின் காதருகே சாய்ந்து, நிறைந்த மேஜையை ஒரு நோட்டம் விட்டு முணுமுணுத்தான்.

"அடடா, நீச்சல் உடுப்பு கொண்டு வரலியே."

டென்னி ஒரு பெப்பரோனி உருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றான். மென்று முடிக்குமுன்னே இன்னொன்றுக்குக் கை நீட்டினான்.